எழுந்திருக்காத பந்தி

மணிமங்கலம்
12.9.1991

மதிப்பிற்குரிய சம்பந்தி பரசுராமன் அவர்களுக்குக் கோதண்டம் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பாஞ்சாலியும் நலம். என் முழங்காலும் நலம். ஒரகடத்தில் நீங்களும் மாப்பிள்ளை சிவசங்கரும் என் மகள் கங்காவும், காது குத்திக்கொண்ட பேத்தியும் நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காதுகுத்து விருந்தில் நீங்கள் எனக்கு மரியாதையாக நாற்காலி போட்டீர்கள். நான்தான், "இன்னா சம்பந்தி, என்னைக் கிழவன்னு நெனச்சுக்கினீங்களா?" என்று வீறாப்பாக முதல் பந்தியில் தரையில் சம்மணம் போட்டேன். சாப்பிட்டு முடித்து எழப் பார்த்தால், ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய முழங்கால் இரண்டும் வர மறுத்துவிட்டன. பெரியவன் நான் எழுந்தால்தான் பந்தி எழும். அத்தனை பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், என்ன செய்வது, ரசம் கேட்டேன், மோர் கேட்டேன், பாயசம் கேட்டேன், வெட்கமில்லாமல் மறுபடியும் சாம்பாருக்கே போனேன். பக்கத்து இலை கன்னியப்பன், "யோவ், எய்ந்துருய்யா, காலு மரத்துப்போச்சு" என்று கெஞ்சினார். அடுத்த பந்திக்குக் காத்திருந்ததோ, செகண்ட் ஷிப்டுக்குப் போகவேண்டிய மாப்பிள்ளையும் கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் வேலை செய்கிற ஆட்களும். கம்பெனி பஸ் ஆரன் அடித்தது. பாதிப் பேர் வெறும் வயிற்றோடு ஓடினார்கள். மாப்பிள்ளையோடு நின்ற மீதிப் பேருக்கு அன்றைய சம்பளம் போயிற்று. கடைசியில் நீங்களும் சமையல்காரரும் அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கியதைக் கங்கா பார்த்துவிட்டாள். அந்த முகத்தை நினைத்தால் மானம் போகிறது.

நான் மில் வேலையை விட்டதிலிருந்து பாஞ்சாலிதான் கூலிக்குப் போகிறாள். அதனால் குழந்தையை நான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அந்தத் தைரியத்தில்தான் கங்கா மறைமலை நகர் கம்பெனி வேலைக்குப் போக நீங்கள் சம்மதித்தீர்கள். "உங்களையே ஒருத்தர் பாத்துக்கணும் போல கீதே" என்று விருந்தன்று நீங்கள் கேட்டது சுருக்கென்றது. ஆனால் அது அன்றைக்கு மட்டும் வந்த பிடிப்பு. எண்ணெய் தேய்த்ததில் போய்விட்டது. இப்போது துள்ளி எழுகிறேன். திங்கட்கிழமை வருகிறேன். அவள் வேலையைத் தடுத்துவிடாதீர்கள்.

பேத்தியின் காதுப்புண் சீக்கிரம் ஆறட்டும். உங்கள் குடும்பம் ஒரு குறையுமின்றி இருக்கட்டும்.

தலைநிமிர முடியாத,
கோதண்டம்

பின்குறிப்பு: இதைத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். எழ முடியவில்லை. பாஞ்சாலி பொழுது சாய்ந்துதான் வருவாள். தபால்காரர் தாவீது வந்தால் முதலில் என்னைத் தூக்கிவிட்டுப் பிறகு இதை எடுத்துப்போகச் சொல்ல வேண்டும். முழங்கால் சரியாகிவிட்டதாக மேலே எழுதியது அத்தனையும் பொய். குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்றது மட்டும் பொய்யில்லை. அந்த நாற்காலியைப் போடுங்கள், உட்கார்ந்துகொள்கிறேன். தொட்டிலை அதன் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டச் சொல்லுங்கள். கங்கா வேலைக்குப் போகட்டும்.