வீட்டுக்கு வந்த வேலை

"என் பெண்டாட்டி வேலையைத் தேடிப் போகக் கூடாது! வேலைதான் அவளைத் தேடி வீட்டுக்கு வரணும்!"

சிங்கம் மாதிரி கர்ஜித்தேன். வாயில் பிரஷ் இருந்ததால் குழாயில் காற்று வருகிற மாதிரிதான் கேட்டிருக்கும். கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி எங்கள் நாலு வயது மகள். அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. நிறுத்துகிற பொத்தானை மட்டும் பொருத்த மறந்துவிட்ட ரேடியோ.

"அம்மா, அப்பா வாயில நுரை நுரையா வருது" என்று ரேடியோ செய்தி வாசித்தது.

"அது கோபம்மா. கொப்பளிச்சா போயிடும்" என்றாள் மனைவி.

போகாது. என் கோபம் சில்லறைக் கோபம் இல்லை, மொத்த வியாபாரம். நான் ஒரு மிக்ஸி கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை ஊரே எனக்கு போன் போட்டுத் திட்டும். "மன்னிக்கணும் சார், புரியுது மேடம்" என்று நான் குழைய வேண்டும். மூடியைப் போடாமல் ஓடவிட்டவன்கூட என்னைத்தான் திட்டுவான். அத்தனையையும் விழுங்கிக்கொண்டு வருகிறவன் எங்கே போய்க் கக்குவான்? வீட்டில்தான். கக்குகிற நேரத்துக்கு வீட்டில் பெண்டாட்டி இருக்க வேண்டாமா?

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். ரேடியோ பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது அந்த லேப்பிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மத்தியானம் இவ ஸ்கூல்லேர்ந்து வந்தா யார் பாத்துக்கறது?" என்று கேட்டேன்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கறேன்."

"என்கிட்ட கேட்டா? நான் ஆபீஸ் போறவன்!"

"நானும் போயிட்டிருந்தவதான்."

"அப்ப வீட்டிலிருந்தே செய்யி. இன்னிக்கு உலகமே வீட்டிலிருந்துதான் வேலை பாக்குது!"

"ரத்தம் எடுக்கிற வேலையை வீட்டிலிருந்தும் செய்யலாம்தான். ஆனா வீட்டுல இருக்கிறது நீங்க ஒருத்தர்தானே?"

சொல்லிவிட்டு என் முழங்கையை ஒரு பார்வை பார்த்தாள். நரம்பு தேடுகிற பார்வை. நான் சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டேன். என் ரத்தத்தை உறிஞ்ச இவளுக்கு சர்டிபிகேட் வேறு இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது.

"இரு. நானே உனக்கு ஒரு வீட்டு வேலை பாத்துத் தரேன்!"

"அதான் நிறைய இருக்கே. பாத்திரம் அங்க கிடக்கு பாருங்க."

"வீட்டு வேலை இல்ல! வீட்டிலிருந்து வேலை!"

"ஓ, சம்பளம் வர்றதா?" துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்தாள். "சரி. நியாயமான வேலையா ஒண்ணு பாருங்க. கிடைச்சா நான் லேப்புக்குப் போகல. கிடைக்கலைன்னா நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

"கேக்கறேன்!" என்றேன். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். கோபக்காரனுக்கு அந்தப் பொறுமை ஏது?

அன்றைக்கே வேட்டையை ஆரம்பித்தேன். 'பெற்றோர்களே! வீட்டிலிருந்தே கை நிறையச் சம்பாதியுங்கள்!' என்ற விளம்பரத்துக்கு முதல் போன். எடுத்தவன் குரலில் தேன் சொட்டியது.

"குழந்தையைத் தூங்க வச்சுட்டுத் தட்டினா போதும் சார்."

"குழந்தையைத் தட்டினாத்தானேய்யா தூங்கும்?"

"நான் கீபோர்டைச் சொன்னேன் சார். பதிவுக் கட்டணம் மட்டும் இன்னிக்கே கட்டிட்டீங்கன்னா..."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, வேலை செய்யப்போறது நாமளா, அவங்களா? நாமன்னா அவங்கல்ல காசு தரணும்?"

"நீ சும்மா இரு" என்று அவளை அதட்டிவிட்டு, அதே கேள்வியை அவனிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டான். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. ஒருத்தனைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவது, தும்மல் வந்து நின்றுபோன மாதிரி.

இரண்டாவது கம்பெனி, மனைவியை எடுத்த எடுப்பிலேயே மண்டல மேலாளராக நியமித்துவிட்டது.

"பேரைக்கூடக் கேக்காம மேனேஜர் ஆக்கறாங்களே" என்றாள் அவள். "பேரைச் சொன்னா முதலாளியே ஆக்கிடுவாங்க போலிருக்கே? வேற என்ன கேட்டாங்க?"

"சம்பளம் போடறதுக்கு பேங்க் பாஸ்வேர்டு."

"போடறதுக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு? எடுக்கறதுக்குத்தானே வேணும்?"

மூன்றாவது இடத்தில் கட்டணமும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. வீட்டுக்குப் பார்சல் வரும். மேலே இருக்கிற விலாசத்தைக் கிழித்துவிட்டு வேறு விலாசம் ஒட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

"உள்ள என்ன இருக்கும்?"

"அதை நாம திறக்கக் கூடாதாம்."

"போலீஸ் திறக்கலாமா?"

நான் அன்றிரவு அவளோடு பேசவில்லை. ஏமாற்றுகிறவன் மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால், ஏமாறவிடாமல் தடுத்தவள் மேல் வந்த கோபம் மூன்று பங்கு. ஒரு மனிதனை ஒரு தடவையாவது நிம்மதியாக ஏமாற விடுகிறாளா?

அப்போதுதான் எதிர்வீட்டுக் கண்டக்டர் வந்தார். ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் யார் வீட்டில் நுழைந்தாலும் "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றுதான் நுழைவார்.

"தம்பி, அருமையான வேலை ஒண்ணு வந்திருக்கு. பேனா கோக்கறது. குழல், ரீஃபில், ஸ்பிரிங், மூடி. மாட்டணும், குடுக்கணும், காசு வாங்கணும். நானும் சேர்ந்துட்டேன்."

"பதிவுக் கட்டணம் உண்டா?" நான் இப்போது தேர்ந்த ஆள்.

"சேச்சே! கட்டணமே கிடையாது. டெபாசிட்தான்."

நான் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அவள் பேசினால் பாதி ஆபத்து, சிரித்தால் முழு ஆபத்து. அது அப்போது உறைக்கவில்லை; டெபாசிட்டைக் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி பெட்டியாகப் பேனாக்கள் வந்து இறங்கின. கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

"வேலை வீட்டுக்கு வந்தாச்சு பாத்தியா?" என்றேன்.

"வந்தாச்சு. ஆனா குழந்தையை வச்சுக்கிட்டு இதெல்லாம் நடக்காதுங்க."

"ஏன் நடக்காது? யார் வேணாலும் செய்யலாம்!"

"நீங்க செய்வீங்களா?"

"நான் கூடச் செய்வேன்!"

"நீங்களா?"

ஒரே வார்த்தை. அதற்குள் எத்தனை ஊசி! கல்யாணமான நாளிலிருந்து நான் செய்து முடிக்காத அத்தனை காரியமும் அந்த ஒற்றைக் கேள்வியில் வரிசையாக நின்றது.

"நாளையிலேர்ந்து ஒரு வாரம் லீவு போடறேன். குழந்தையையும் பாத்துக்கறேன், பேனாவையும் கோத்துக் காட்டறேன். நீ வீட்டுப் பக்கமே வராதே!"

"வரலைங்க. அக்காவோட இருந்துட்டு சாயங்காலம் வரேன்."

திங்கட்கிழமை அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரேடியோ மத்தியானம் ஸ்கூலிலிருந்து வந்ததும் ஸ்பிரிங்குகளைப் பார்த்தாள். "ஐ! குட்டிக் குட்டிப் புழு!" என்று இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். ஒன்று பாலில் விழுந்தது. ஒன்று என் சட்டைக்குள் போனது. மீதி எங்கே போனதென்று அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குக்கூடத் தெரியாது. நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து கொண்டிருக்கையில் அவள் சிவப்பு ரீஃபிலால் சுவரில் என்னை வரைந்து முடித்துவிட்டாள். கொம்பு வைத்து.

"இது யாரு?" என்று கத்தினேன்.

"கத்தற அப்பா."

"கத்தாத அப்பாவை வரையத் தெரியாதா?"

"பாத்ததில்லையே."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததே ஒரு மாதிரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. புதன்கிழமை ஒரு உண்மை பிடிபட்டது. பெற்றவன் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். மூடிகளை நிறம்வாரியாகப் பிரிக்கச் சொல்லி உட்கார வைத்தேன். "நீலம் தூங்கப் போச்சு, பச்சை குளிக்கப் போச்சு" என்று கதை சொல்லிக்கொண்டே பிரித்தாள். நான் கோத்தேன். அவளுக்குத் தலை வாரினேன், சோறு ஊட்டினேன், தூங்க வைத்தேன். நானும் கொஞ்சம் தூங்கிவிட்டேன் என்பதை வெளியே சொல்ல வேண்டாம்.

வியாழக்கிழமை எங்கள் மேலாளர் போன் செய்தார். "சார், லீவுல தொந்தரவு பண்றேன். புகார் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. வீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் பேசறீங்களா?"

ஒரு கையில் ஸ்பிரிங், ஒரு காதில் போன், மடியில் ரேடியோ. முதல் ஆள் "ஏய்யா, உங்க மிக்ஸியைத் தூக்கித் தெருவுல போடவா?" என்று ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ரேடியோ போனைப் பிடுங்கிவிட்டாள்.

"மாமா, எங்கப்பாவைத் திட்டாதீங்க. அவருக்குத் திட்டத்தான் தெரியும், வாங்கத் தெரியாது."

அந்தப் பக்கம் அவர் சிரித்துவிட்டார். "பாப்பாவா? அழ வைக்காதீங்க சார். பிளேடுதான் சுத்தல. மெதுவா ஆள் அனுப்புங்க, போதும்."

அடுத்து வந்த அம்மாள், ரேடியோ தும்மியதைக் கேட்டுச் சளிக்குக் கைவைத்தியம் சொல்லிவிட்டு, தன் புகாரை மறந்து போனை வைத்தார். அன்றைக்கு என்னை ஒருத்தர்கூட முழுதாகத் திட்டவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பேனா வேலை முடிந்தது. ரேடியோவை ஒரு தோளிலும் முதல் பெட்டியை மறு தோளிலும் சுமந்துகொண்டு கண்டக்டரோடு கம்பெனிக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடை சலூன்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"பேனாவா? அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. நேத்துலேர்ந்து ஆளுங்க பெட்டியோட வந்துட்டே இருக்காங்க."

எனக்கு உச்சந்தலையில் தீப்பற்றியது. ஷட்டரை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். ஷட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடியே அவர்கள் நம்பருக்கு போன் போட்டேன். "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது ஒரு பெண் குரல். எத்தனை பேரை நான் இப்படி நிற்க வைத்திருக்கிறேன்! அந்தக் குரல் முடிகிறவரை திட்டினேன். மறுபடி முதலிலிருந்து வந்தது. நானும் முதலிலிருந்து திட்டினேன்.

"விடுங்க தம்பி" என்றார் கண்டக்டர். "பஸ்ஸு போயிடுச்சு. விசில் அடிச்சு என்ன பிரயோஜனம்?"

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தடாலென்று போட்டேன். சற்று நேரத்தில் மனைவி வந்தாள். தோளில் கைப்பை. கையில் மடித்த வெள்ளைக் கோட்டு.

"என்ன கோட்டு அது?"

"லேப் கோட்டு. திங்கக்கிழமையிலேர்ந்து போயிட்டிருக்கேன்."

"அக்காவோட இருக்கேன்னியே!"

"அங்க இருக்கிற சீனியரை நான் அக்கான்னுதாங்க கூப்பிடுவேன்."

"பொய்! மோசடி! ஊர்ல இருக்கிற மோசடி போதாதுன்னு வீட்டுக்குள்ளயே ஒண்ணா?" கத்திய கத்தலில் பெட்டியிலிருந்த பேனாக்கள் கடகடத்தன. "அந்தப் பேனாக்காரன் ஏமாத்துவான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"டெபாசிட்டைக் கட்டும்போது பாத்துக்கிட்டு சும்மா இருந்தியே!"

"டியூஷன் பீஸுன்னு நினைச்சுக்கிட்டேன். குழந்தையைப் பாத்துக்கக் கத்துக்கிட்டீங்கல்ல? அந்தக் காசுக்கு வேற எங்க சொல்லித் தருவாங்க?"

"பேச்சை மாத்தாதே! நியாயமான வேலை கிடைச்சா போகமாட்டேன்னு சொன்னே!"

"எனக்குக் கிடைக்கலையே. உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு. கட்டணம் கிடையாது, டெபாசிட் கிடையாது, முதல் தேதி ஆனா சம்பளம். மத்தியானம் குழந்தையோட வீட்டுல இருந்தே பாக்கலாம்."

"எந்த வேலை?"

"உங்க வேலைதாங்க. நேத்து பாத்தீங்களே, மறந்துட்டீங்களா?"

"அப்பா, இனிமே தினம் நானும் போன் பேசலாமா?" என்றது ரேடியோ.

"நான் சொல்றதைக் கேக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி முகம் கழுவப் போனாள்.

நடக்காது. ஆண்பிள்ளை நான் வீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் பார்ப்பதா? வாக்கு என்ன வாக்கு? உடனே மேலாளருக்கு போன் போட்டேன்.

"சார், திங்கக்கிழமை நான் ஆபீஸுக்கு வந்துடுவேன். என் மேஜையைத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க!"

"உங்க மேஜையா?" மேலாளர் தயங்கினார். "அதை வேற ஆளுக்குக் குடுத்தாச்சே சார். இனிமே நீங்க வீட்டிலிருந்துதான் பாக்கப்போறீங்கன்னு உங்க வீட்டுல முன்னாடியே பேசிட்டாங்களே?"

"எப்போ?"

"நீங்க லீவு போட்ட அன்னிக்கே. ஆனா உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியவரும்னு சொன்னாங்க." ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே சார்?"