இமைக்காத இடது கண்

ஒப்பிடுவோர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு பாத்திரத்தில் முதலில் ஒருவர் நடித்து, பிறகு அதே பாத்திரத்தில் இன்னொருவர் நடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் புதியவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறந்ததும் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும். அது வந்த திசையில் பாருங்கள். நிற்பார்.

இவருக்குப் புதிய படம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்காதவன் பாதியில் எழுந்து போய்விடுவான். இவர் பதினோரு தடவை பார்த்திருப்பார். காகிதமும் பென்சிலுமாக.

நாம் கூர்ந்து பார்க்கப்போகிற ஆசாமி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய ஆராய்ச்சிப் பொருள் விண்வெளித் தபால்காரன். கோளுக்குக் கோள் கடிதப் பையைச் சுமந்துகொண்டு போகிற ஒற்றை மனிதன். ஒரு விபத்தில் இடது கண் போய், அந்த இடத்தில் இயந்திரக் கண் வைத்திருப்பவன். முப்பது வருஷத்துக்கு முன்பு அது தொலைக்காட்சித் தொடராக வந்தது. விண்கலம் அட்டையில் செய்தது. பறக்கும்போது மேலே கட்டிய நூல் தெரியும். கண்ணாடிக்காரருக்கு அது குறையாகவே படவில்லை. நூல் தெரிந்ததில் ஒரு நேர்மை இருந்தது என்பார்! பிறகு பெரும் செலவில், நூல் தெரியாமல், வேறொரு நடிகரைப் போட்டுத் திரைப்படம் எடுத்தார்கள். அந்த நடிகரின் பெயரைக் கண்ணாடிக்காரர் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. 'ரெண்டாவது ஆளு' என்பார். அதைச் சொல்லும்போது உதடு ஓரமாகக் கொஞ்சம் கோணும்.

தொழிலில் அவரைப் போல நடுநிலையானவரைப் பார்க்க முடியாது. கண் சோதிக்கிற இரும்புச் சட்டத்தை உங்கள் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, நீங்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். ஆனால் சட்டம் மூக்கில் ஏறியபின் நீங்கள் எங்கே எழுந்து ஓட முடியும்?

"இப்ப தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டதா?"

"இப்பதாங்க."

"அவசரமில்ல, திருப்பிப் போடறேன். இப்ப?"

"ரெண்டாவதுதாங்க தெளிவு."

"லென்ஸ்ல அப்படித்தான். நடிப்புல அப்படி இல்ல. தபால்காரன் படம் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. நல்லாத்தானே..."

"இயந்திரக் கண்ணு இமைக்குமாங்க?"

அவ்வளவுதான், வந்தவர் அகப்பட்டுக்கொண்டார். முதலாமவர் அந்தத் தொடர் முழுவதிலும் வலது கண்ணை மட்டும் இமைத்து, இடது கண்ணை இமைக்காமலே நடித்தவர். படப்பிடிப்பு முடிந்ததும் அந்தக் கண்ணுக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருப்பாராம். (இந்த 'படுத்திருப்பாராம்' எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.) கண்ணாடிக்காரரே கடைக் கண்ணாடி முன்னால் நின்று முயன்று பார்த்திருக்கிறார். இரண்டு கண்ணும் சேர்ந்துதான் மூடிக்கொண்டன. தன்னால் முடியாமல் போனதில் முதலாமவர்மேல் மரியாதை இன்னும் ஏறிவிட்டது. ரெண்டாவது ஆளோ படம் முழுக்க அந்த இடது கண்ணை நாற்பத்தொரு தடவை இமைக்கிறார். மூன்று முறை எண்ணியாகிவிட்டது. மூன்று முறையும் நாற்பத்தொன்று.

சரி, கடையில் ஒருவர் என்ன பேசினால் நமக்கென்ன? வம்பு வீட்டில் இருந்தது.

கண்ணாடிக்காரர் கல்யாணம் செய்துகொண்டது கணவனை இழந்த ஒரு பெண்ணை. அப்போது அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள், இப்போது பதினாறு. முதல் கணவர் பேருந்து ஓட்டியவர். அவருடைய படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய துணியால், விலையுயர்ந்த வில்லையைத் துடைப்பது போல ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்து மாட்டுகிறவர் கண்ணாடிக்காரர்தான். இந்த விஷயத்தில் அவரை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பெண் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. நம் மொழியில் ஆறு வருஷம் இப்படி ஓட்ட முடியும் என்பதை அவரே அப்போதுதான் தெரிந்துகொண்டார். "இந்தாங்க." "அம்மா கூப்பிடறாங்க." "சாவி எங்க வச்சீங்க?" ஏதாவது ஒருநாள் ஏதாவது ஒரு சொல்லால் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். அவளாகக் கூப்பிட வேண்டும்; கேட்டு வாங்கக்கூடாது. அதனால் அவள் மறுபேச்சுப் பேசுகிற ஒரே விஷயத்தை விடாமல் பேசினார். அது தபால்காரன். அவள் அலமாரிக் கதவில் ரெண்டாவது ஆளின் படம் ஒட்டியிருந்தது. அது ஏன் அங்கே இருக்கத் தகுதியற்றது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு விளக்கினார். அதைப் பாசம் என்றே நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். மின்சார வேலை செய்கிறவர். எங்கே கம்பியைத் தொட்டால் பொறி பறக்கும் என்று தெரிந்தவர்.

"என்ன மாப்ள, ரெண்டாவது ஆளுக்கு இன்னொரு படம் வருதாமே? நாப்பத்தொண்ணு இந்தத் தடவை எம்பதாயிடும் போல."

"வரட்டும் மச்சான். எண்ணத்தானே போறோம்."

"அவர் நல்லாத்தான் நடிக்கிறார் மாமா," என்றாள் பெண். "கடுதாசியக் குடுத்துட்டு, அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பார் பாருங்க. பழைய ஆளு குடுத்ததும் கிளம்பிடுவாரு."

"தபால்காரன் வேலை குடுக்கறது. நிக்கிறது இல்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

"நின்னா என்னவாம்? அழறவங்களை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

வாதம் என்று வந்துவிட்டால் உட்கார்ந்தபடி பேசுவது இந்த இனத்துக்கு வழக்கமில்லை. எழுந்தார். "எத்தனை நேரம் நின்னா என்ன? ஒருத்தர் இருந்துட்டுப் போன இடம் அது. இன்னொருத்தர் வந்து, அவர் சட்டையை மாட்டிக்கிட்டு, அவர் நாற்காலில உக்காந்துக்கிட்டு, இனிமே நான்தான்னு சொன்னா ஜனங்க ஒத்துக்கணுமா? எத்தனை வருஷம் நடிச்சாலும் வேஷம் வேஷம்தான்!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. மச்சான் தலையை அண்ணாந்து, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியில் ஏதோ கோளாறு இருப்பது போலப் பார்க்கத் தொடங்கினார்.

கண்ணாடிக்காரருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அவர் விட்டு எழுந்த நாற்காலி பேருந்து ஓட்டியவருடையது. அதன் வலதுபக்கக் கை தேய்ந்து வழவழத்தது அந்த ஓட்டுநரின் உள்ளங்கையால். ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், ஒன்றுவிடாமல், தான் யாருக்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்தோம் என்பது ஒரு வில்லை மாறினாற்போல் பளிச்சென்று தெரிந்தது.

"அதாவது," என்றார். தொண்டையைக் கனைத்தார். "நடை பரவாயில்ல. ரெண்டாவது ஆளுக்கு நடை நல்லாவே இருக்கு."

"யாரு, நீங்களா சொல்றீங்க?" என்றார் மச்சான், விசிறியை விட்டுவிட்டு.

"பையைத் தூக்கற விதம்கூட... ஏன், இமைக்கிறதையே எடுத்துக்குங்க. தூசி பட்டா இயந்திரமும் இமைக்கத்தான் செய்யும்."

முப்பது வருஷக் கோட்டை மூன்று வாக்கியத்தில் சரிந்தது. பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. நான் எப்பவோ ஒப்பிட்டுப் பாத்துட்டேன்."

"எதை?"

"உங்களையும் அப்பாவையும்."

"ஏய்!" என்றாள் அம்மா.

"இவர்தானேம்மா சொல்லிக் குடுத்தாரு, ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பாக்கணும்னு? பாட்டு, அப்பா. இவர் பாடினா ஜன்னலைச் சாத்தணும். சைக்கிள் கத்துக் குடுத்தது அப்பா. கோவம் இவருக்குக் கம்மி. தலை பின்னி விடறதுல ரெண்டு பேருமே மோசம். எனக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி பக்கத்துல உக்காந்திருக்கிறது ரெண்டு பேருக்கும் உண்டு. ஆனா இவர் தூங்கிட்டாரு."

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் மனம் நொந்திருப்பார், அல்லது உருகியிருப்பார். இவர் ஒப்பிடுவோர் இனம்.

"தூங்கல. கண்ணை மூடியிருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

"அன்னிக்கு எனக்கும் காய்ச்சல். அதைச் சேத்துப் பாத்தியா இல்லியா? அப்படியே மொத்தமா முடிவு கட்டக்கூடாது."

"முடிவெல்லாம் கட்டல. அது தொடரு, இது படம். ரெண்டையும்தான் வச்சிருக்கேன்."

அப்போது அவள் கைப்பேசி ஒலித்தது. தோழி எங்கேயோ கூப்பிட்டாள் போலிருக்கிறது. "இப்ப வர முடியாதுடி," என்றாள் பெண். "எங்க ரெண்டாவது அப்பாவோட பேசிட்டிருக்கேன். ம்... ஆமா, கண்ணாடிக்கடை வச்சிருக்காரே, அவர்தான்."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். தேய்ந்த கையின்மேல் கையை வைத்துக்கொண்டார். இடது கண்ணை இமைத்தார். வலதையும் இமைத்தார். யாராவது எண்ணியிருந்தால் நாற்பத்தொன்றைத் தாண்டியிருக்கும்.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? மறுநாள் கடையில் ஒருவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டு, "ரெண்டாவது ஆளு ரொம்ப நல்ல நடிகருங்க," என்றார். வந்தவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். "ஆனா அவருக்கப்புறம் மூணாவதா எவனையோ போடப் போறாங்களாமே? அவனுக்குச் சுத்தமா வராது. நான் எழுதியே தர்றேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'இந்த மாதிரிக் கேலியெல்லாம் அந்தக் காலத்தில் எழுதினவர்கள் எழுதினால்தான்...' என்று உங்களுக்குள் ஒரு பெருமூச்சு எழுந்ததா, இல்லையா? எழுந்திருந்தால் அந்த இரும்புச் சட்டம் உங்கள் மூக்குக்கும் பொருந்தும். இல்லவே இல்லை என்றால், ஒருமுறை குனிந்து பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உங்களுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எத்தனை அழகாக உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல, அதே அறையில் இப்போதும் ஒருவர் இருக்கிறார்.