பள்ளத்தில் ஒரு ஸ்கூபா

கள்ளிக்குப்பத்தில் தாட்சாயிணியின் டிபன் கடை வாசலில் மழைநீர் வடிகாலுக்காக ஒரு பள்ளம் தோண்டினார்கள். தோண்டினவர்கள் போய்விட்டார்கள். பள்ளம் போகவில்லை. தண்ணீர் ஊறி நின்றது. பள்ளம் தாண்டி வந்து தின்கிற அளவுக்கு அவள் இட்லி ஒன்றும் ஒசத்தி இல்லை, வியாபாரம் படுத்துவிட்டது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வடிகால் ஆபீசுக்குப் போனாள். உதவிப் பொறியாளர் கார்த்திகேசன் மேசை முழுக்க நீலக் கடல் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"இன்னா சார், பள்ளத்த எப்ப மூடுவீங்க?"

"தீவுக்குப் போற ஏற்பாட்டுல தலைக்கு மேல வேலைம்மா. நடுக்கடல்ல தனித்தீவு. முதுகுல சிலிண்டர் கட்டிக்கிட்டு அடியில போய் ஆய்வு பண்றோம். ஸ்கூபா."

"அங்க வடிகால் கீதா?"

"கிடையவே கிடையாது."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"வடிகாலே இல்லாத ஊர்ல வெள்ளமும் இல்ல. எப்படின்னு பார்க்க வேணாமா?"

"பாருங்க. பள்ளத்த மூடிட்டுப் போய் பாருங்க."

"மூடிட்டா, கத்துக்கிட்டு வந்தத எங்க செயல்படுத்துறது?"

தாட்சாயிணி திரும்பி நடந்தாள். ஆபீசில் யாருக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது?

தீவு ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். குழுவில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. ஏரியில் பழகலாம் என்றால், இறங்கக் கூடாதென்று போர்டு வைத்ததே அவர்கள்தான். எனவே, மேற்படி பள்ளமானது பயிற்சிக்கு உகந்த நீர்நிலை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

மறுநாளே ஜீப் வந்தது. கார்த்திகேசன் ரப்பர் சட்டை, கண்ணாடி, சிலிண்டர் சகிதம் இறங்கினார். தண்ணீர் இடுப்பு வரைதான். மூழ்குவதற்காக மண்டி போட்டார்.

"மாமே, உள்ள மீன் கீதா?" என்று கரையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"செருப்பு கீது. ஒத்தக் காலு," என்றான் இன்னொருத்தன்.

கார்த்திகேசன் எழுந்து, "பவளப்பாறை போன்ற ஒரு பொருள் தென்பட்டது," என்று அறிவித்தார். சிமெண்ட் மூட்டை நனைந்து இறுகிக் கிடந்தது.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கூடினால் பசிக்கும். தாட்சாயிணி பஜ்ஜி போட்டாள். சனிக்கிழமை கொரட்டூர் பிளாட்டுகளிலிருந்து ஐடிக்காரர்கள் வந்தார்கள். தீவுக்குப் போக லீவு கிடைக்காதவர்கள். பள்ளத்தில் தலையை மட்டும் முக்கி வீடியோ எடுத்து, "மனசு அமைதியாயிடுச்சு" என்று போட்டார்கள். தாட்சாயிணியின் புருஷன் துலுக்கானம் நீச்சல் கண்ணாடி வாங்கி வாடகைக்கு விட்டான். பழைய தோசைக்குத் தீவு ஸ்பெஷல் என்று பெயர் வைத்தாள். வாங்குவதற்கு வரிசை நின்றது.

அப்போதுதான் மேலிடம் ஒரு குண்டு போட்டது. பாக்கி வேலை வைத்திருப்பவர்கள் யாரும் தீவுக்குப் போகக் கூடாது.

அரசாங்க வேலை அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. விடியும்போதே ஜேசிபி வந்துவிட்டது. கூடவே கார்த்திகேசன், பல்கூடத் தேய்க்காமல்.

"உங்க கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டதும்மா. இன்னிக்கே மூடிடறோம்."

தாட்சாயிணி தோசைக் கரண்டியோடு ஜேசிபி முன்னால் வந்து நின்றாள். "யார கேட்டு மூட வந்த?"

"நீங்கதானே கேட்டீங்க!"

"அது அப்போ. இப்போ இது எங்க பொயப்பு. கை வச்சினா நடக்கறதே வேற!"

"அம்மா, டிக்கெட்லாம் போட்டாச்சும்மா," என்றார் கார்த்திகேசன். "மழை வந்தா தண்ணி உங்க கடைக்குள்ளதாம்மா வரும்."

"வரட்டும். உள்ளயும் ஸ்கூபா வுட்டுக்கறேன்."

தெருவே அவள் பின்னால் நின்றது. ஜேசிபி பின்வாங்கித் திரும்பியது. தெருமுனையில் இன்னொரு கூட்டம் அதை மறித்துக்கொண்டது. அடுத்த தெருக்காரர்கள்.

"அவங்க கிடக்கறாங்க, நீ வா அண்ணாத்தே," என்றார்கள் டிரைவரிடம். "எங்க தெருவுல நல்லா ஆழமா ஒண்ணு தோண்டு."