கனகசூரியம் வாத்தியாரின் வருடாந்த மரண சாதனம்

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுநாள் கனகசூரியம் வாத்தியார் சாவதற்கு ஆயத்தமாகிவிடுவார். உடம்புக்கு ஒன்றுமில்லை. தம்முடைய மரண சாதனத்தை, அதாவது உயிலை, எடுத்துத் திருத்தி எழுதுகிற காலம் அது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிழையோடு கிடக்கும் எதைக் கண்டாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"எழுதினால் போதாது. வருடாவருடம் பார்க்கவேண்டும். ஆட்கள் மாறுகிறார்கள், சொத்து மாறுகிறது. திருத்தாத மரண சாதனம் போன வருடத்துப் பஞ்சாங்கம்" என்று கல்லடி ஊர் முழுவதற்கும் போதித்து வைத்திருந்தார். மனைவி பாலசுந்தரிக்கு மட்டும் போதனை ஏறவில்லை.

"எத எழுதப்போறீங்க? வீடு என்ட. வளவு என்ட. கிணறு என்ட. நீங்க குந்தியிருக்கிற கதிரையும் என்ட அப்பா தந்தது."

மறுக்க முடியாது. மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகும். ஆண் பெட்டியோடு வருவான். வாத்தியார் ஒரு பெட்டி புத்தகத்தோடும் ஒரு குடையோடும் வந்தவர். அவருக்கென்று பிறகு சேர்ந்தது, வாவிக்கு அப்பால் படுவான்கரையில், சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய ஒரு துண்டு வயல். அதை மகன் துசாந்தனுக்கு எழுதினார். புத்தகங்களை மூத்த மகள் உசாந்திக்கு எழுதினார். இளையவள் வதனிக்கு ஆசீர்வாதத்தை எழுதினார். வீடுதான் தாய்வழியில் வருகிறதே.

பிறகு கடல் வந்தது. உசாந்தியையும் புத்தகங்களையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று.

தை பிறந்தது. பள்ளிக்கூட முகாமில், சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, வாத்தியார் மரண சாதனத்தை நினைவிலிருந்து எழுதினார். பழக்கத்தில் உசாந்தியின் வரியையும் எழுதினார். பிறகு நிதானமாக அதை வெட்டினார். புத்தகமும் இல்லை, வாங்குகிறவளும் இல்லை. வரி இரண்டு விதத்திலும் பிழை. என்ன செய்வதென்று தெரியாத மனிதர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். பாலசுந்தரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் மிச்சம் வைத்ததைச் சண்டை எடுத்தது. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன துசாந்தனை வழியிலேயே சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோனார்கள். வன்னியில் கண்டேன் என்று ஒருவர் சொன்னார். சண்டை முடிந்த பிறகு அப்படிச் சொல்லவும் ஆளில்லை.

சண்டை முடிந்து வந்த தையில் வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை. "வீடு சரி. வயலும் சேர்ந்தால் நாள் வைக்கலாம்" என்றார்கள். வாத்தியார் ஒரு வாரம் முற்றத்தில் நடந்தார். இருக்கிற பிள்ளைக்கு வழி செய்யவேண்டும். ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரைப் போடவேண்டும். எடுக்கிறோம் என்றுதான் நினைத்தார். வெட்டுகிறோம் என்ற சொல்லை மனத்துக்குள்ளும் சொல்லவில்லை. பாலசுந்தரிக்குத் தெரியாமல் முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் பல்லியும் சத்தம் போட்டதில்லை.

"எங்க வெளிக்கிட்டீங்க?"

"டவுனுக்கு. கண் காட்ட."

"கண்ணுக்கு என்ன?"

"மங்கல்."

"மங்கலான மனிசன் கண்ணாடிய மேசையில வெச்சிட்டுப் போறீங்க?"

"டொக்டர் வெறுங்கண்ணத்தான் பார்ப்பார் புள்ள."

"சரி, போய்ட்டு வாங்க. நொத்தாரிசு கதிர்காமத்தம்பியக் கண்டா நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்க."

வாத்தியார் பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் அந்தக் கடைசி வசனம் அவருக்கு உறைத்தது.

காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு கதிர்காமத்தம்பி அவருடைய பழைய மாணவர். கேட்டதும் பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"ஐயா, இந்த வயல் உங்கட இல்லையே."

"விளங்கல்ல."

"துசாந்தன்ட. நன்கொடை உறுதி முடிச்சுக் குடுத்திட்டீங்க. கடலுக்குப் பிறகு, உறுதிப் பிரதி எடுக்க அம்மாவோட வந்தீங்களே, அண்டைக்கு. துசாந்தனும் வந்து ஏற்றுக் கையெழுத்து வெச்சவன்."

"நான் வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்கிறவனில்ல!"

"நான் வாசிச்சன் ஐயா. ரெண்டு தரம் வாசிச்சன். நீங்க தலையாட்டினீங்க. ஒரு இடத்தில, 'இங்க ஒற்று மிகும்' எண்டும் சொன்னீங்க. திருத்தினன்."

வாத்தியார் நினைத்துப் பார்த்தார். அந்த மாதங்களில் எதைக் கேட்டோம், எதற்குத் தலையாட்டினோம் என்று ஒன்றுமே நினைவில்லை. பிழை திருத்தியிருக்கலாம். அது தூக்கத்திலும் செய்வார்.

"இப்ப மாற்றலாம்தானே?"

"அவர் வந்து மாற்றலாம். இல்லாட்டி..." கதிர்காமத்தம்பி ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தார். "மரணப் பதிவு வேணும் ஐயா."

வீட்டில் பாலசுந்தரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கண் எப்பிடி?"

"ஏன் செய்தாய்?"

அவள் கத்தியை வைக்கவில்லை. "அந்தப் பள்ளிக்கூட வாங்கில குந்தியிருந்து உசாந்திட பேர வெட்டினீங்க. முப்பத்தொண்டுச் சடங்கும் கழியல்ல. அண்டைக்கே நினைச்சன், இந்த மனிசன்ட கைக்குள்ள இன்னொரு புள்ளட பேர விடக்கூடாதெண்டு. எழுதிவெச்சா வெட்டுவீங்க. குடுத்திட்டா வெட்ட ஏலாது."

"அப்ப இத்தனை வருசம் தையில நான் எழுதினது?"

"எழுதுங்களன். சும்மா இருந்தா உங்களுக்கு வருத்தம் வரும்."

"வதனிட கலியாணம்?"

"அவளிட்ட கேட்டன். அண்ணனச் சாகடிச்சு எனக்குத் தாலி வேணாமெண்டாள். வீடு மட்டும்தான் எண்டு சொல்லியனுப்பிட்டன். விருப்பமெண்டா வருவான்."

"மரணப் பதிவு இருந்தால்..."

"போய்ப் பதியுங்க. தகப்பன் சொன்னா எழுதுவாங்க. நான் மறிக்கல்ல."

வாத்தியார் செருப்பைப் போட்டார். படலை வரைக்கும் போனார். திறந்தார். தெருவில் யாருமில்லை. பிறகு உள்ளே நின்றபடியே படலையைச் சாத்திவிட்டு வந்து, கடல் விட்டுவைத்த, மாமனார் தந்த கதிரையில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாலசுந்தரி மீனைக் கழுவும் சாக்கில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

"மாசியில வயல்வெட்டு வருகுது" என்றாள் பிறகு.

"ஓம்."

"அவன்ட வயலைச் செய்யிறீங்க. குத்தகை குடுக்கவேணும். ஊர் வழக்கப்படி நெல்லு மூட்டையக் கொண்டுவந்து அவன்ட அறைக்குள்ள அடுக்குங்க."

வாத்தியார் நிமிர்ந்தார். "நான் வாங்கின வயலுக்கு நான் குத்தகையா? உரம் என்ட, உழவு என்ட. பாதியாவது குறைக்கவேணும்."

"குறைக்கிறதெண்டா வயலுக்குச் சொந்தக்காரனோட பறையுங்க. அவன் வந்தாப்பிறகு."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஓம்" என்றார் கடைசியில். "வரட்டும், கேட்கிறன்."

"அதுவரைக்கும் முழுக்குத்தகை."