ஊசிக்கு உப்புப் போட்ட கதை

குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நம்பியிருந்தவன் நான். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருட மேற்பார்வையாளன். கடலில் பல நாள் நிற்கப் போகிற வள்ளக்காரர்கள் எத்தனை கட்டி ஐஸ் ஏற்றலாம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். (கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.) அந்த அறிவாளிதான், மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த மருந்தைத் தன் கையாலேயே கெடுத்தான்.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு எங்கும் சிவந்து தடித்த திட்டுகள், மேலே வெள்ளைச் செதில். காலையில் என் மனைவி வதனி படுக்கை விரிப்பை உதறினால் ஒரு கைப்பிடி விழும். எந்த வெயிலிலும் நான் முழுக்கைச் சட்டைதான். நாலு வருடம் ஒரு ஊசி அதை அடக்கி வைத்திருந்தது. பிறகு திட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கொழும்பில் என்னைப் பார்க்கிற டொக்டரிடம், நான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. உங்கட உடம்பு இந்த மருந்தை ஆரோ பிறத்தியான் எண்டு கண்டுபிடிச்சு எதிர்க்கத் தொடங்கியிருக்கும். வேற வழியாலை வேலை செய்யிற ஊசிக்கு மாத்துவம்."

நான் அசந்துபோனேன். என்னைக் கேட்காமல் எனக்குள்ளேயே ஓர் உளவுத்துறை நாலு வருடமாக வேலை செய்திருக்கிறது!

இரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் படம், கடிதத்துக்கு மேல் கடிதம் என்று மூன்று மாதம் போனது. கடைசியில் கொழும்புக்கு வந்து ஊசியை எடுத்துப் போகலாம், திருகோணமலைக் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் ஊரார் கொழும்புக்கு வெறுங்கையோடு போகிற வழக்கமில்லை. குளிர் தாங்குகிற ஒரு வெள்ளை ரெஜிஃபோம் பெட்டியில் பாரை மீனை ஐஸ் போட்டு அடுக்கி மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டு, கழுவிய பெட்டியோடு மருந்து வாங்கப் போனேன்.

மருந்து கொடுத்த பெண்பிள்ளை ஒரு சின்னப் பையில் இரண்டு குளிர்ப்பொதிகளோடு ஊசியை வைத்து, ஏதேதோ விளங்கப்படுத்தினார். "ஓம், ஓம்" என்றேன். காது கேட்டது, மனம் கேட்கவில்லை. இந்த இரண்டு பொதியும் திருகோணமலை வரைக்கும் தாங்குமா? பஸ் நிலையத்துக்கு அருகில் உடைத்த ஐஸும் ஒரு பக்கற் உப்பும் வாங்கினேன். உப்புச் சேர்ந்த ஐஸின் குளிர் தனி. அது எங்கள் தொழிலின் பாலபாடம். ஐஸ், உப்பு, நடுவில் ஊசி, திரும்ப ஐஸ், திரும்ப உப்பு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீற்காரருக்கு ஹபரணை வரைக்கும் விரிவுரை நடத்தினேன். பாவம் மனிதர்.

வீட்டில் வதனி மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, பிரிட்ஜிலை வைக்கச் சொல்லியெல்லோ கிடக்கு?"

"கரண்ட் போனால்?"

"உறைய விடக் கூடாதெண்டும் கிடக்கு."

"வதனி, எனக்கு ஐஸைப் பற்றிக் கதைக்கிறியோ?"

அவள் தாளை மடித்து வைத்தாள். நான் தொழிற்சாலையிலிருந்து புது ஐஸ் எடுத்து வந்து, இன்னும் இரண்டு பிடி உப்புப் போட்டேன்.

மறுநாள் வதனியோடு கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஊசி போடுகிற தாதி மிஸ்ஸி பெட்டியைத் திறந்து ஊசியை வெளிச்சத்தில் பிடித்தார். என் வேலையை மெச்சப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"ஐயா, இது கட்டியாப் போச்சு. போட ஏலாது."

"கொஞ்ச நேரம் வெளியிலை வைச்சால் இளகும்தானே?"

"அவிச்ச முட்டையை ஆறவிட்டால் பச்சை முட்டை ஆகுமோ ஐயா? இதுவும் அப்படித்தான். உறைஞ்சால் பழுது."

வதனி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வெளியே வாங்குப் பலகையில் இருந்து அழுதாள். அவள் அழுதது மருந்துக்காக அல்ல, எனக்காக. வெட்கத்தில் எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

டொக்டரிடம் தொலைபேசியில் ஒப்புக்கொண்டேன். மறுமுனையில் இருமல் கேட்டது. (சிரித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.) ஆறு கிழமைக்குப் பிறகுதான் இன்னொரு ஊசிக்கு ஒழுங்கு செய்ய முடிந்தது. அதற்குள் திட்டுகள் கழுத்தருகே வந்துவிட்டன. இந்தமுறை வதனி போனாள். நானும் போனேன், பெட்டியைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? முதலில் விரிப்பில் செதில் குறைந்தது. ஒருநாள் வதனி உதறினாள், ஒன்றும் விழவில்லை. திரும்பவும் உதறிப் பார்த்தாள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு என் முழங்கையைக் கண்ணாடியில் பார்த்தேன். சாதாரண முழங்கை. சுருக்கமும் கறுப்புமாய் எல்லாருக்கும் இருக்கிற அதே முழங்கை. அதைப்போல அழகான ஒன்றை நான் கண்டதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி இருந்த மருந்துக்கு இந்த வேலை எப்படித் தெரிந்தது?

அந்தக் கிழமை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உப்புவெளியில் அக்கா வீட்டு விருந்துக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் நித்திரையாகி, தன் வெறுங்கையை என் வெறுங்கை மேல் போட்டுவிட்டார். முன்பின் தெரியாத மனிதரின் கை, வியர்வையோடு, பாரமாக. அசைந்தால் எழும்பிவிடுவார் என்று மூச்சைக்கூட அளந்து விட்டேன். அக்கா வீடு பின்னால் போனது.

முதலே அங்கே போயிருந்த வதனி தொலைபேசியில் கேட்டாள்: "எங்கை நிக்கிறியள்? சோறு ஆறுது!"

"நிலாவெளி தாண்டியாச்சு," என்றேன் மெதுவாக.

இன்று எங்கள் பிரிட்ஜின் கதவில் மகள் எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு: 'அப்பா திறக்கக் கூடாது.' வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் வாசித்துவிட்டுக் காரணம் கேட்பார்கள். வதனி அடியிலிருந்து தொடங்குவாள், ஒவ்வொரு முறையும் உப்பு ஒரு பிடி கூடும். நான் முழங்கையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.