வேன் டிரைவர் நரிக்கு ஒரு முகம்

ஒரு காட்டில், மூங்கில் புதர்களைத் தாண்டி, செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கும் மேட்டில், கோமளம் என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். உடம்பெல்லாம் முள்; கோமளம் என்ற பெயர் அப்பா அம்மா ஆசையாக வைத்தது. எந்த ஆபீஸிலும் சேராமல், வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். இதனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும், "நீ வீட்ல சும்மாதானே இருக்கே" என்று தங்கள் குட்டிகளை அவளிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார்கள். பேனாவுக்கு மட்டும் அவள் எங்கும் அலைய வேண்டியதில்லை. முதுகிலிருந்து ஒன்றை உருவிக்கொள்வாள்.

முகம் வரைவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. வந்தவரை உட்காரவைத்து டீ கொடுப்பாள். பேசவிடுவாள். தான் படத்துக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோகும் நேரம் பார்த்துக் கரிக்கட்டையை எடுப்பாள். முதலில் தலையின் சாய்வு, பிறகு கண், கடைசியில்தான் வாய். கரிக்கோடு சரியாக அமைந்தபின் அதன் மேல் முள்ளால் மை.

கதைப்புத்தகப் படங்களுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பதிப்பாளர் மைனா ஒரு குறிப்பு அனுப்புவார்: 'முயல் – கெட்டிக்காரன். சிங்கம் – மடையன். நரி – நரி.' அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் கோமளம் நரியை முடித்துவிடுவாள். கீற்றாக ஒரு கண், கோணலாக ஒரு சிரிப்பு. வேறென்ன வேண்டும்?

ஒருநாள் காலை வாசலில் காக்கிச் சட்டை போட்ட நரி ஒருவர் வந்து நின்றார்.

"அம்மா, இந்த நரிப் படமெல்லாம் வரையறது நீங்கதானே?"

"ஆமா. நீங்க?"

"சாந்தமூர்த்திங்க. ஆலமரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டறேன்."

அவர் கையில் அவள் படம் போட்ட புத்தகம் இருந்தது. அதை விரித்துக் காட்டினார். கீற்றுக் கண்ணோடு ஒரு நரி சிரித்தது.

"இந்தப் புத்தகம் வந்ததுலேர்ந்து முயலம்மா தன் குட்டிங்களை வேன்ல அனுப்பறதில்லீங்க. 'கண்ணு அப்படியே இருக்கு'ன்னு சொல்லிட்டாங்க. நான் இதுவரைக்கும் ஒரு பிரேக்கைக்கூட சடார்னு போட்டதில்லம்மா. இப்ப கதவுல டிரைவர் படம் ஒட்டணும்னு ஸ்கூல்ல புது உத்தரவு போட்டிருக்காங்க. ஸ்டுடியோவுல எடுத்த போட்டோவுல தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கேன். ஒரே ஒரு தடவை, என்னைப் பாத்து வரைஞ்சு குடுங்க."

கோமளத்துக்குக் காதோரம் சுட்டது. இத்தனை நரிகளை வரைந்தவள், ஒரு நரியையும் எதிரில் உட்காரவைத்துப் பார்த்ததில்லை. உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

பேச்சு வேனைப் பற்றியே சுற்றியது. எந்தக் குட்டிக்கு வளைவில் வாந்தி வரும், எது சீட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, கோமளம் கரிக்கட்டையை எடுத்தாள். கை பழக்கதோஷத்தில் கீற்றுக் கண்ணைப் போட்டது. அழித்தாள். மறுபடியும் கீற்றுக் கண். 'அடச்சீ' என்று கையை உதறிக்கொண்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் பெரிதாக இருந்தது. தூக்கம் போதாமல் இமை கொஞ்சம் சரிந்திருந்தது. இறங்கிய குட்டி வீட்டுக்குள் போய்விட்டதா என்று எப்போதும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பவரின் கவலை புருவத்தில் இருந்தது.

அதன்பின் கை தானாக ஓடியது. இப்படி ஒரு படம் தன்னிடமிருந்து வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. சாந்தமூர்த்தி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா மாதிரியே இருக்கேன்" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே படம் கதவில் ஏறியது. மறுநாளே வேன் காலியானது.

"இவ்வளவு நல்லவனா ஒருத்தன் இருப்பானா? உள்ள ஏதோ இருக்கு" என்றாள் அணிலம்மா. "அழுதுடுவான் போலிருக்கே. என்ன பாவம் பண்ணிட்டு வந்திருக்கானோ!" என்றாள் காட்டாட்டு அம்மா. பெற்றோர் வாட்ஸப் குழுவில் யாரோ அந்தப் படத்தின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'உஷார்' என்று அனுப்பினார்கள். ஏனென்று தெரியாமலே எல்லோரும் அதை அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் கீரி அவசரக் கூட்டம் கூட்டினார். வேனை நிறுத்துவதா வேண்டாமா என்று சாயங்காலம் முடிவு.

சாந்தமூர்த்தி தொங்கிய வாலோடு வந்தார்.

"நல்லாத்தானே வரைஞ்சேன்?" என்றாள் கோமளம்.

"ரொம்ப நல்லா வரைஞ்சிட்டீங்கம்மா. அதான்."

வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு முயல்குட்டி ஆற்றில் விழும். நரி பாய்ந்து காப்பாற்றும். எல்லோரும் வெட்கித் தலைகுனிவார்கள். ஆனால் அது நல்ல கோடை. ஆற்றில் தண்ணீர் இல்லை.

கோமளம் புதிதாக ஒரு தாளை எடுத்து விரித்தாள். கதவில் இருந்ததுதான் அவள் வரைந்ததிலேயே நல்ல படம். பிறகு முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவினாள். இந்தமுறை டீ இல்லை, பேச்சு இல்லை. கீற்றுக் கண், கோணல் சிரிப்பு. போதாதென்று ஒரு தங்கப்பல்லும் வைத்தாள்.

"அம்மா, இது நான் இல்லீங்களே" என்றார் சாந்தமூர்த்தி.

"இது யாருமே இல்ல. கொண்டுபோய் ஒட்டுங்க."

சாயங்காலக் கூட்டத்தில் முயலம்மாதான் முதலில் படத்தை நெருங்கிப் பார்த்தாள். "ஆங்! இது நரி!" என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். "மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. தெரிஞ்சு பழகறதுல ஒரு வசதி. நாம ஜாக்கிரதையா இருந்துக்கலாம்."

"ஒளிவுமறைவு இல்லாத ஆள்" என்று கீரி தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வேன் நிரம்பி வழிந்தது. டிரைவரிடம் பயம் வந்ததால் குட்டிகள் சீட்டைவிட்டு அசைவதில்லை. சீட்டுக்கடியில் ஒளிவதும் நின்றுபோனது. சாந்தமூர்த்திக்குப் பிழைப்பு ஓடியது. அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் மட்டும் அந்தக் கதவைத் தொடமாட்டேன் என்று பின்பக்கமாக ஏறிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வண்டியைக் கிளப்பினார்.

செய்தி பரவி, கோமளத்தின் வாசலில் வரிசை நின்றது. பல் டாக்டர் கொக்கு, "கொஞ்சம் கொடூரமா போடும்மா" என்றார். மளிகைக்கடைப் புறா திருட்டு முழி கேட்டது. கோமளமும் சளைக்காமல் வரைந்து தள்ளினாள். அவள் வீட்டில் டீத்தூள் செலவே இல்லாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் வரிசை திடீரென்று காணாமல் போனது. புலி வந்திருந்தார்.

"எனக்கு உள்ளது உள்ளபடி வரைஞ்சா போதும்" என்றார்.

கோமளம் அவருக்கும் டீ கொடுத்தாள். முறைப்படி பேசவிட்டாள். அவர் அதிகம் பேசவில்லை. அவ்வப்போது நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். அதையும் வரைந்தாள். பல் ஒன்றையும் விடவில்லை. புலி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தப் படம் நீரோடைக்கரையில் ஒரு புதுப் பலகையில் தொங்கியது. பலகையில் 'மான்குட்டிகள் பகல்நேரக் காப்பகம்' என்று எழுதியிருந்தது. வாசலில் குட்டியும் கையுமாக நீண்ட கூட்டம்.

கோமளம் மூச்சிரைக்க ஓடி, முன்னால் நின்ற மானம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"ஐயோ, அக்கா! அவர் நிஜமாவே புலி!"

மானம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியுமே. அதான் படத்துலேயே போட்டிருக்காரே. தள்ளிக்கோம்மா, இன்னும் ரெண்டு சீட்டுதான் இருக்காம்."

நீதி: நல்லவர்கள் பிழைக்க வேண்டுமானால் கெட்ட முகம் ஒன்று வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். கெட்டவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அட்மிஷன் தானாக முடிந்துவிடும்.