நூல் கணக்கும் நெத்திலி மழையும்

தமிழாசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒரு பொருளைப் பார்த்தால் மற்றவர்கள் 'இது எப்படி வேலை செய்கிறது?' என்று கேட்பார்கள். நாங்கள் 'இதற்குத் தமிழில் என்ன பெயர்?' என்று கேட்போம். பெயர் வைத்துவிட்டால் பொருளே பிடிபட்டுவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. இந்த வியாதியால் நான் கெட்டது பலமுறை. மானம் போனது ஒரே ஒரு முறை. (ஊரறியப் போனதை மட்டும்தான் கணக்கில் சேர்க்கிறேன்.)

நான்கைந்து வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஓர் அறக்கட்டளை சில இயந்திரங்களை அனுப்பிவைத்தது. உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து அவற்றை அடுக்கினார்கள். கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த அறைக்குப் பெயர் 'மேக்கர் ஸ்பேஸ்'. மாணவர்கள் தாங்களே யோசித்து, தாங்களே பொருள்களைச் செய்து பார்க்கும் இடம். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, அறிவிப்புப் பலகைக்கு இதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஒரு பீரியட் முழுக்க விட்டத்தைப் பார்த்து யோசித்து, 'ஆக்கக்கூடம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"பிரமாதம் ஐயா! ஸ்டாஃப் ரூம்லயே இதப் புரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். பொறுப்ப நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த இயற்பியல் ஆசிரியர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் போன முதல் நாளே நான் விழுந்துவிட்டேன். லேசர் வெட்டும் பெட்டி ஒன்று. கத்தி இல்லை, ரம்பம் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி பலகைமேல் நடந்து போகிறது, பலகை இரண்டாகிறது! முப்பரிமாண அச்சு இயந்திரமோ, கோலத்தின்மேல் கோலம் போட்டுச் சுவர் எழுப்புகிற மாதிரி பிளாஸ்டிக்கை உருக்கி இழை இழையாக ஏற்றுகிறது. ஒரு பல்சக்கரம் உருவாவதைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்தேன். (என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியை இரண்டுமுறை படிப்பார்கள்.) ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். லேசர் வெட்டும்போது மரத்தில் மயிரிழை தின்றுவிடும். பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும். இரும்பு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். துணி இழுத்த பக்கம் வரும். ஒரு கூட்டுக் குடும்பத்தில் நாலு மருமகள்கள் மாதிரி. எப்படி இவற்றை ஒன்றாக உட்காரவைப்பது?

அந்தக் கேள்விதான் எங்கள் தலைமேல் தொங்கியது. பருவ இறுதியில் அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வருவார். குறைந்தது நாலு நுட்பங்கள் சேர்ந்த ஒரே பொருளை மாணவர்கள் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இயந்திரங்கள் வேறு பள்ளிக்குப் போய்விடும். எனக்குப் போனால் ஒரு பொறுப்பு போகும். ஜெனிஃபருக்கு அப்படி இல்லை. பதினோராம் வகுப்பு. காலையில் வாட்ச்மேனுக்கு முன்னால் வந்து அந்த அறை வாசலில் நிற்கிற பெண்.

என்ன செய்யலாம் என்று கேட்டபோது அவள்தான் எழுந்தாள்.

"ஐயா, எங்கம்மா கல்மண்டபத்தாண்ட கருவாடு விக்குது. ஒரு கையில வியாபாரம், இன்னொரு கையில நாள் பூரா ஈ ஓட்டிகினே கீது. அந்த ஒரு கையை மட்டும் ரிலீஸ் பண்ணிடலாம் ஐயா."

"வியாபாரம் இல்லாத கடையிலதானே ஈ ஓட்டுவாங்க?" என்றான் அவள் வகுப்பு இம்ரான்.

"டேய், கருவாட்டுக் கடையில வியாபாரம் இருந்தாத்தான்டா ஈயே வரும்."

முடிவாயிற்று. ஈயோட்டி! இரும்புச் சட்டம், அதில் பலகைத் தட்டு, தட்டின்மேல் கருவாடு. தட்டுக்கு மேலே லாரிகளில் மழைக்குக் கண்ணாடி துடைக்கும் பழைய வைப்பர் மோட்டார். மோட்டார் தண்டில், வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்குமே, அந்த மாதிரி அச்சில் எடுத்த பிளாஸ்டிக் குடம் ஒன்று. அதிலிருந்து தொங்கும் துணிநாடாக்கள் மெதுவாகச் சுற்றிச்சுற்றி ஈக்களை விரட்டும். வெல்டிங், லேசர், அச்சு, தையல் என்று நாலும் வந்துவிட்டன.

சட்டத்துக்காக மாணவர்களோடு விம்கோ நகரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் தாஸ் குழாயை அளந்துகொண்டே, "இன்னும் ரெண்டு நூலு வுடு" என்று பையன்களிடம் சொன்னார். என் காது நிமிர்ந்தது.

"நூலா?"

"இன்னா சார், தெர்லியா? இன்ச்சுக்கு எட்டு நூலு. ஆசாரி, கொத்தனார், வெல்டர் எல்லாரும் இதான் பேசுவோம்."

எனக்குப் புல்லரித்தது. மில்லிமீட்டர், சென்டிமீட்டர் என்று நாங்கள் வகுப்பில் மாரடித்துக்கொண்டிருக்க, பட்டறையில் ஒரு தங்கமான தமிழ் அளவு சும்மா கிடக்கிறது! அன்றே உட்கார்ந்து திட்டத்தை முழுக்க நூலில் எழுதினேன். சட்டம்: 120 நூல். பலகை: 120 நூல். குடத்துத் துளை: 3 நூல். துணி: 24 நூல். நாலு பிரதி எடுத்து நாலு குழுவுக்கும் கொடுத்தேன். கீழே ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம். உரையில்லாமல் மூலத்தைப் படிப்பதே அழகு என்று விட்டுவிட்டேன்.

"ஐயா, மொதல்ல அட்டையில ஒரு தபா செஞ்சு பாத்துக்கலாமா?" என்று ஜெனிஃபர் கேட்டாள்.

"திட்டம் சரியாக இருந்தால் ஒத்திகை எதற்கும்மா?" என்றேன். (இப்படிப்பட்ட வாக்கியங்கள் என் வாயில் தானாகவே ஊறும்.)

பட்டறையில் கரண்ட் போய், மழை வந்து, சட்டம் தாமதமாகி, கடைசியில் நாலு பாகங்களும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது மேடம் வருகிற அன்று காலை ஒன்பது மணிக்கு. மேடம் பத்துக்கு வருகிறார்.

சட்டத்தை நிறுத்தினோம். பலகையை மேலே வைத்தோம். தொப். பலகை சட்டத்துக்குள் புகுந்து தரையில் விழுந்தது. மறுபடி வைத்தோம். மறுபடி தொப்.

"இம்ரான், நீ வெட்டிய பலகைக்கு அளவு என்ன வைத்தாய்?"

"ஒரு நூலுன்னா மூணு மில்லின்னு நெட்ல இருந்திச்சு ஐயா. நூத்தியிருபது இன்ட்டூ மூணு, முன்னூத்தி அறுபது."

தாஸ் சரியாகப் பதினைந்து அங்குலம் வைத்திருந்தார். அது முந்நூற்று எண்பத்தொன்று. ஒரு நூலுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நூற்றிருபது நூலுக்குச் சேர்த்துப் பார்த்தால் கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை. எவ்வளவு சுவாரஸ்யமான விஷயம்! வேறொரு நாளாக இருந்தால் உட்கார்ந்து ரசித்திருப்பேன். அன்று என் கண் கடிகாரத்தில் இருந்தது.

குடத்தின் துளையும் அதே கணக்கில் சிறுத்துப் போயிருந்தது. மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டால் நானே ஓங்கி அடித்து மோட்டார் தண்டில் இறக்கினேன். இறங்கியது. இனி எமனே வந்து இழுத்தாலும் கழலாது என்ற நிலைமைக்கு இறங்கியது.

அந்த நேரத்தில்தான் என் மனைவி வசந்தா ஒரு பெரிய பையோடு வந்தாள். அவள் ராயபுரத்தில் வீட்டோடு தையல் கடை வைத்திருப்பவள். அவள் வெட்டிக் கொடுக்க, இரண்டு மாணவிகள் அவளுடைய மெஷினில் நாடாக்களைத் தைத்திருந்தார்கள். பையைக் கவிழ்த்தாள். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று திருவிழாத் தோரணம் மாதிரி குவிந்தது.

"வசந்தா, நாலு நாடா போதும். மூணு அங்குல நீளம்தானே?"

"உங்க பேப்பர்ல எங்க அப்படி இருக்கு? 'துணி, 24 நூல்'னு இருந்துச்சு. நூல்னா நாடாதான்னு இருபத்திநாலு தைச்சோம். நீளம் போடல. நீங்க எதையாவது மறக்கறது வழக்கம்தானேன்னு நானே ஒரு முழம் வச்சேன்."

"முழமா?"

"பின்ன? பூ வாங்கறப்ப நூலுல கட்டி முழம் போட்டுத்தான குடுக்கறாங்க?"

"ஐயா, வெட்டிடலாம்" என்று ஜெனிஃபர் கத்தரிக்கோலோடு நின்றாள். வசந்தா தைத்ததை, வசந்தாவின் எதிரிலேயே, வெட்டுவதா? (பதினெட்டு வருஷ இல்லற அனுபவம் பேசியது.) வேண்டாம் என்று இருபத்திநாலையும் குடத்தில் கட்டச் சொன்னேன். பலகையைச் செலோ டேப்பால் சட்டத்தோடு ஒட்டினேன். பலகைக்குச் செலோ டேப்! இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு வேறு யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரிதான் இருக்கிறது.

பத்து மணிக்கு மேடம் வந்தார். பருத்திப் புடவை, கையில் நோட்டு, முகத்தில் எதையும் காட்டாத ஒரு சாந்தம். தலைமையாசிரியர் காபி கொடுத்தார். ஜெனிஃபரின் அம்மா ஒரு கூடை நெத்திலிக் கருவாட்டைத் தட்டில் பரப்பினார். "நல்ல சரக்கு ஐயா, பாத்து" என்றார்.

வைப்பர் மோட்டாருக்கு இரண்டு வேகம். தூறலுக்கு ஒரு வயர், அடைமழைக்கு ஒரு வயர். எது எது என்று இம்ரானுக்குத் தெரியும். அவன் கை நீட்டினான். பதற்றத்தில் இருக்கிறவனுக்குத் தன் கையைத் தவிர எந்தக் கையிலும் நம்பிக்கை வராது. "நகருப்பா" என்று நானே செருகி, நானே சுவிட்சைப் போட்டேன்.

அடைமழை.

முதல் சுற்றில் இருபத்திநாலு நாடாக்களும் எழுந்து விரிந்தன. ஒரு கணம், சத்தியமாக, அழகாக இருந்தது. இரண்டாவது சுற்றில் தட்டைப் பெருக்கின. நெத்திலி பறந்தது. எடை குறைந்த மீன் என்பதால் வெகுதூரம் பறந்தது. தலைமையாசிரியரின் கண்ணாடியில் ஒன்று, மேடத்தின் கொண்டையில் இரண்டு, காபியில் ஒன்று. செலோ டேப் பிய்ந்து பலகை தொப்பென்று கீழே போனது. நான் சுவிட்சைத் தேடினேன். அது நாடாக்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கையை நீட்டினேன், பளார். குனிந்தேன், பளார். கடைசியில் ஜெனிஃபர் நிதானமாகச் சுவரோரம் நடந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அய்ய! என் சரக்கு போச்சே! இன்னா ஐயா, ஈய ஓட்டச் சொன்னா மீன ஓட்டிக்கினு கீறியே!" என்றார் ஜெனிஃபரின் அம்மா.

மேடம் காபிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மாணவர்களைப் பார்த்தார்.

"ஏன் இப்படி ஆச்சு? யாராவது சொல்லுங்க."

இம்ரான் உண்மை விளம்பி. கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "எல்லாம் ஐயாவாலதான் மேடம். ஐயாதான் நூல் வுட்டாரு."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் நிமிர்ந்தார். எங்கள் பக்கம் ஒரு பெண்ணிடம் நூல் விடுவது என்றால் வலை வீசிப் பார்ப்பது என்று தெரியாதவர் அந்த அறையில் யாருமில்லை. மேடத்துக்கும் தெரிந்திருக்கிறது, புருவம் உயர்ந்தது. வாசலில் வசந்தா இடுப்பில் கை வைத்தாள்.

"அளவு! அளவில் விட்ட நூல்!" என்று நான் கத்தினேன். கத்தியதில் விஷயம் இன்னும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று.

ஜெனிஃபர்தான் திட்டத்தாளை எடுத்துப்போய் மேடத்தின் பக்கத்தில் நின்றாள். தாஸுக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. இம்ரானுக்கு மூன்று மில்லிமீட்டர். வசந்தாக்காவுக்கு எண்ணிக்கை. "யாருமே தப்பா செய்யல மேடம். பேப்பர்தான் ஆளுக்கு ஒண்ணு சொல்லிச்சு. அஞ்சு நிமிசம் குடுங்க."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்த ஒரே உதவி, ஓரமாக நின்றது. ஜெனிஃபர் நாடாக்களை மூன்று அங்குலத்துக்கு நறுக்கி, நாலை விட்டு மற்றதை உருவினாள். (வசந்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் எனக்குச் சேர்த்து வைக்கப்பட்டது.) இம்ரான் வயரை மாற்றினான். பலகை மட்டும் நிற்க மாட்டேன் என்றது. பொறுக்கிய நெத்திலியைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த ஜெனிஃபரின் அம்மா அதைச் சிறிது நேரம் பார்த்தார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வலை பின்னும் நைலான் நூல் உருண்டையை எடுத்தார். சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக நாலு இழுப்பு, மூலைக்கு ஒரு முடிச்சு. கட்டில் மாதிரி ஆனது. அதன்மேல் பலகை கம்மென்று உட்கார்ந்தது.

"எனக்குத் தெரிஞ்ச நூலு இதான் ஐயா" என்றார்.

கருவாட்டைத் தட்டில் பரப்பி மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். தூறல் வேகம். நாடாக்கள் கருவாட்டைத் தொடாமல், ஒரு சோம்பலான மாடு வால் ஆட்டுகிற மாதிரி சுற்றின. மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தட்டில் ஒரு ஈ இல்லை. (அத்தனை ஈயும் தரையில் சிதறியிருந்த நெத்திலியில் இருந்தது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.)

"நாலு நுட்பம் கேட்டோம். முடிச்சோட சேர்த்து அஞ்சு இருக்கு. மெஷின் எல்லாம் இங்கயே இருக்கட்டும்" என்றார். ஜெனிஃபர் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் நோட்டை மூடினார். "ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த திட்டத்தை இந்தப் பொண்ணு எழுதட்டும்."

"அப்போ ஐயா?" என்றார் தலைமையாசிரியர்.

"ஒற்றுப்பிழை பார்க்கட்டும்."

இன்றுவரை அந்த ஆக்கக்கூடத்தில் என் உத்தியோகம் அதுதான். வல்லினம் மிகும், மிகாது என்று சொல்லிவிட்டு, மற்ற நேரம் சிவப்புப் புள்ளி பலகைமேல் நடப்பதை வேடிக்கை பார்க்கிறேன். ஜெனிஃபர் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவள் எழுதிய திட்டங்களில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அளவின் பெயர் இருக்கும். முதலில் அட்டையில் செய்து பார்க்காமல் எதுவும் தொடங்காது.

வீட்டில்தான் எனக்கு விமோசனம் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் பந்தியில் உட்கார்ந்தவுடன் வசந்தா ஆரம்பித்துவிடுவாள்: "எங்க வூட்டுக்காரரு ஒரு மேடத்துக்கு நூல் வுட்டாரு, தெரியுமா? என் கண்ணு முன்னாடியே!" மொத்தப் பந்தியும் என் பக்கம் திரும்பும். நான் இலையிலிருந்து கையை எடுத்து, "அது வந்து, ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்..." என்று தொடங்குவேன். அதற்குமேல் இதுவரை என்னை யாரும் பேசவிட்டதில்லை. என் மச்சான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உரக்கக் கேட்பான்:

"அப்புறம் இன்னாக்கா மாட்டிச்சு?"

மொத்த வரிசையும் ஒரே குரலில் சொல்லும்:

"நெத்திலி!"